காலுறையும் கால்வலியும்

மும்பை மாட்டுங்காவின் தமிழ் மன்றங்களில் நான் பேச எழுந்தால், எதிரணியினர் குறிப்புச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். இதைத் தற்பெருமை என்பவர்கள் தாராவியில் எங்கள் ஒற்றை அறைக்கு வந்து, அரிசி டப்பாவுக்கு இடம்விடாமல் அலமாரியை அடைத்திருக்கும் கோப்பைகளை எண்ணிக்கொள்ளலாம். எல்லையில் சண்டை மூண்ட அந்த வாரங்களில் வீரம் என்ற தலைப்பில் மட்டும் மூன்று மேடைகள் கண்டேன். துப்பாக்கியை நான் அருகில் பார்த்தது வங்கி வாசலில் நிற்கும் காவலரிடம்தான். மேடைக்கு அது போதும்.

ஆகவே, பக்கத்து அறை அக்கா ஒரு ராணுவக் கடிதத்தோடு என்னைத் தேடி வந்ததில் வியப்பில்லை. எங்கள் சந்தில் ஓராண்டு தங்கித் தோல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுப் பட்டாளத்துக்குப் போனவர் ஒருவர் உண்டு. அவருக்கும் அக்காவுக்கும் காதல். அதுவரை கைப்பேசியில் குரலாகவே வளர்ந்த காதல் அது. சண்டை தொடங்கியதும் எல்லை முகாமில் கைப்பேசிகளை வாங்கி வைத்துவிட்டார்கள். அவருக்கு எழுதத் தெரிந்தது தமிழ் மட்டும். அக்காவோ இந்திப் பள்ளியில் படித்தவர். திருநெல்வேலித் தமிழில் பொரிந்து தள்ளுவார், எழுத்துக்கூட்டி வாசிக்க வராது.

"நீதான மேடையில பேசுத. படில" என்று நீட்டினார்.

பிரித்தேன், அதிர்ந்தேன். சாக்ஸ் நனைந்துவிட்டது, காயவைக்க வெயில் இல்லை. பருப்பு தண்ணீராக இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் ஓரத்தில் உட்காராதே. அப்பாவின் கால்வலி எப்படி இருக்கிறது? இவ்வளவுதான் கடிதம். நாட்டைக் காக்கும் கரம் எழுதும் வரிகளா இவை? குண்டு மழையில் குளித்தெழும் சிங்கம் என்று முந்தின வாரம்தான் இவரை ஒரு மன்றத்தில் முழங்கியிருந்தேன். சிங்கம் சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தது. அவர் மானத்தை நான்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

"'அன்பே! பனி படர்ந்த சிகரத்தில் நின்று, உன் விழிகளையே விளக்குகளாய் ஏந்தி, தாய்மண்ணின் எல்லையைக் காக்கின்றேன்…'"

அக்கா வாசல் நிலையில் சாய்ந்து கேட்டார். முகத்தில் ஒரு சந்தேகம்.

"அவுகளா இப்பிடி எழுதுனாவ?"

"ஆமாக்கா."

"சளி பிடிச்சிருந்துச்சே. அதப் பத்தி ஒண்ணும் இல்லியா?"

"வீரனுக்கு ஏதுக்கா சளி?"

"பொறந்ததுலேர்ந்து அவுகளுக்குச் சளிதாம்ல."

அடுத்த இரண்டு கடிதங்களையும் அவ்வாறே உயர்த்தினேன். அக்கா சொல்லச் சொல்ல எழுதிய பதில்களையும் விட்டுவைக்கவில்லை. 'மப்ளர் போட்டுக்கோங்க' என்பதை நான் என்னவாக்கினேன் என்று இங்கே சொல்ல மாட்டேன்.

இதற்கிடையே அக்காவுக்கு முலுண்டிலிருந்து ஒரு வரன் வந்தது. அலுவலக வேலை, சொந்த ஃப்ளாட். அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அக்காவின் அப்பா விடிந்தால் சைக்கிளில் இட்லி விற்கக் கிளம்புகிறவர். நான் அவரை மாமா என்பேன். பட்டாளத்துக்காரர் பேச்சை அக்கா எடுத்தபோது மாமா கேட்டது ஒன்றுதான்.

"ஒரு வருசம் நம்ம இட்லியத் தின்னுட்டுப் போனவன். போன பொறவு நான் இருக்கனா செத்தனான்னு ஒரு வார்த்த கேட்டானா? கேட்டிருந்தாம்னா காட்டு. முலுண்டுக்காரங்கள வராதீங்கன்னு சொல்லிருதேன்."

அக்கா அன்றே என்னிடம் வந்தார். "எங்கப்பாவுக்கு ரெண்டு வரி எழுதுங்கன்னு எழுது. வேற ஒண்ணும் வேண்டாம். ஸீதா எழுதுல."

நேராக எழுதுவதற்கா நான் பத்தாண்டு பயின்றேன்? 'என்னை ஈன்ற பெருந்தகையின் நெஞ்சக் கதவைத் தங்கள் சொல்லெனும் வாளால் தட்டுங்கள்! காலம் கரைகிறது!' என்று எழுதி, வாய்விட்டு ஒருமுறை படித்து, நானே மெய்சிலிர்த்து, அஞ்சலில் சேர்த்தேன்.

பதில், பெண் பார்க்கும் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி மாலையில் வந்தது. பிரித்துப் பார்த்தேன், மேடைக்கு ஆகாத வரிகள். ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு சிகரத்தில் ஏறினேன். பாதி வழியில் அக்கா கடிதத்தைப் பிடித்து இழுத்தார்.

"அஞ்சு நிமிசமாப் பேசுத. இதுல நாலு வரிதான இருக்கு?"

நாலு வரிதான் இருந்தது.

அக்கா முதல் சொல்லுக்கு அடியில் விரலை வைத்தார். "விரல் இருக்க எடத்த மட்டும் படி."

விரல் நகர்ந்தது, நான் படித்தேன். "'எந்தக் கதவு, என்ன வாள் என்று புரியவில்லை. எங்கள் ஹவில்தார் மதுரைக்காரர், அவருக்கும் புரியவில்லை. உனக்குக் காய்ச்சலா? அப்பா கால்வலியைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன், நீ சொல்லவேயில்லை.'"

விரல் நின்றது.

"கேட்டுக் கேட்டா?"

மாமாவின் சவாலை நானும்தான் சுவருக்கு இப்புறமிருந்து கேட்டிருந்தேன். என் நினைவில் சிகரம் இருந்தது, விழிகள் இருந்தன, கால் இல்லை. கைதட்டல் வாங்காத வரிகளை நினைவில் வைக்கும் பழக்கம் எனக்கில்லை.

அக்கா மற்ற மூன்று கடிதங்களையும் எடுத்துக்கொண்டு, என் மணிக்கட்டைப் பற்றித் தம் வீட்டுக்கு இழுத்துப் போனார். மாமா மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். அக்கா கிரைண்டரை நிறுத்தினார்.

"எங்கப்பா காலப் பத்தி இருக்கத மட்டும் படி. குரல ஏத்தாத."

ஏற்றாமல் படித்தேன். முதல் கடிதம்: அப்பாவின் கால்வலி எப்படி இருக்கிறது? இரண்டாவது: தைலம் தேய்க்கிறாரா, இல்லை டப்பாவிலேயே இருக்கிறதா? மூன்றாவது: மழைக்காலம் முடியும்வரை சயான் பக்கம் சைக்கிளில் போக வேண்டாம் என்று சொல், அந்தப் பாலத்து மேடு முட்டிக்கு ஆகாது. நான்காவதையும் படித்து முடித்தேன்.

மாமா ஈரக் கையோடு நின்றார். இடது முட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இத்தன நாளு இத ஏம்ல படிக்கல?"

வாழ்நாளில் முதல் முறையாக, எதிர்வாதத்துக்கான என் நேரத்தை விட்டுக்கொடுத்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு முலுண்டுக்குப் பேசினார். "ஞாயித்துக்கெழம வராண்டாம் சார். நம்ம பிள்ளைக்கு ஆள் இருக்கு" என்று முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பேனா இருக்கா? எழுது. 'கால் தேவல. லீவு கெடச்சதும் வா.'"

"மாமா, தொடக்கத்தில் ஒரு விளியாவது…"

"எழுதிட்டியா? படி."

என் எழுத்துக்கு அடியில் அக்காவின் விரல் வந்து நின்றது.

"கால் தேவல. லீவு கெடச்சதும் வா."

மாமா தலையாட்டிவிட்டுக் கிரைண்டரைப் போட்டார்.