ட்ஸூக் என்றால் ரயில்

யாங்கோன் நகரத்துப் பபேடான் பகுதியில் துணிக்கடையில் வேலை பார்க்கும் ஜஸீலாவுக்குத் தம்பி தவ்ஹீதைத் தவிர வேறு யாரும் இல்லை. அவனுக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதுப் பையன் அந்த ஊரில் வெளியே போய்த் திரும்பி வந்தாலே பெரிய விஷயம். படைக்கு ஆள் பிடிக்கிறார்கள். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போய்த் தப்பித்துக்கொள்ளலாம் என்று இருவரும் தாமுவே பகுதியில் ஒரு வகுப்பில் ஜெர்மன் படித்தார்கள். அவள் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அவன் தினமும்.

அந்த மொழிக்கு அப்படி என்ன சொற்பஞ்சமோ! 'ட்ஸூக்' என்று ஒரு சொல். 'இழு' என்ற வினையிலிருந்து பிறந்ததாம். பெட்டிகளை இழுத்துப் போவதால் ரயிலும் ட்ஸூக். கதவிடுக்கில் வரும் காற்றும், சதுரங்கத்தில் காய் நகர்த்துவதும், வரிசையாகப் போகும் படைப்பிரிவும் அதுவேதான். டீச்சர் சொல்லச் சொல்ல வகுப்பே சிரித்தது. ஜஸீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பர்மியத்தில் 'ஸ்வே' என்றாலும் இழுப்பதுதான். ஆள் பிடித்துப் போவதற்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அன்று காலை வகுப்புக்குக் கிளம்பும்போது தவ்ஹீத் கேட்டான்.

"லாத்தா, பஸ்ஸுல வரவா, ரயில்ல வரவா?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

சாயங்காலம் பசுந்தாங் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த தங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கிகளோடு ஒரு கூட்டம் நின்றது. பர்மியத்தில் எழுதினால் போனைப் பிடுங்கிப் படித்துவிடுவார்கள். தமிழ் எழுத இருவருக்கும் தெரியாது. படை நிற்கிறது, வராதே என்று எச்சரிக்க 'ட்ஸூக்' என்று ஜெர்மனில் அனுப்பினாள். மகா புத்திசாலி!

சரியென்று பதில் வந்தது. சற்று நேரத்தில் ரயில் ஜன்னலின் படம் ஒன்றும் வந்தது.

அவன் அதை ரயில் என்று எடுத்துக்கொண்டான். காலையில் கேட்டதற்குப் பதில் என்று நினைத்துவிட்டான். கூப்பிட்டாள், எடுக்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். பெண் என்பதால் வாசலில் தடுக்காமல் உள்ளே விட்டார்கள். பிளாட்பாரத்திலும் துப்பாக்கிக்காரர்கள் நின்றார்கள். ரயில் வந்து நின்றது. தவ்ஹீத் படியில் கால் வைத்தான்.

"எறங்காதடா! உள்ளயே இரு!"

தமிழில்தான் கத்தினாள். நல்லவேளை, அதற்கு ஒரே அர்த்தம். அவன் சட்டென்று உள்ளே போனான். ரயில் நகர்ந்தது.

துப்பாக்கிக்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து பர்மியத்தில் கேட்டான்: "என்ன கத்தினே? அதுக்கு என்ன அர்த்தம்?"

அவள் போகிற ரயிலையே பார்த்தாள். அடுத்த ஸ்டேஷனில் யார் நிற்கிறார்களோ தெரியவில்லை.

"பத்திரமாப் போயிட்டு வான்னு அர்த்தம்."

பொய்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.