இரண்டு பொட்டலத்திலும் சிவப்புப் பூ

கொழும்புக்குப் பஸ்ஸில் போனாலே பெரகலை வளைவில் வாந்தி எடுக்கிற ஆள் நான். என் மகளோ, பாதிப் படிப்பு கொழும்பில், மீதி லண்டனில் என்று இரண்டு நாட்டுச் சட்டப் பட்டமும் சேர்ந்து வரும் படிப்புக்குத் தேர்வாகியிருந்தாள். வெளிநாட்டு நீதிமன்றங்களில் வாதாட வேண்டுமாம். பதுளை பஸ் ஸ்டாண்டில் போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அவளை அவ்வளவு தூரம் அனுப்பப் பயம் வந்துவிட்டது.

"சாமிகிட்ட பூ கட்டிப் பாத்துடுவோம் பாப்பா. வெள்ளை வந்தா லண்டன் படிப்பு, செவப்பு வந்தா கொழும்போட சரி" என்றேன். சம்மதித்தாள்.

தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வாழையிலையில் பொட்டலம் கட்டியது நான்தான். இரண்டிலும் சிவப்புப் பூவையே வைத்தேன். அம்மனுக்கு வேலை வைக்காத பக்தன்.

கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மத்ததையும் பிரிச்சுப் பாரேன்" என்று உளறிவிட்டேன்.

"எதுக்குப்பா? நீங்கதானே கட்டுனீங்க."

டிவி செய்திக்கே ஆதாரம் கேட்கிறவள், என்னிடம் கேட்கவில்லை. நானே பிரித்துக் காட்டினேன்.

"அப்ப ஆத்தா ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்லம்மா. பயந்தாங்கொள்ளி ஒருத்தன்தான் சொன்னான்."

திட்டியிருந்தால் ஜோக்கடித்துத் தப்பியிருப்பேன். திட்டவில்லை. இரண்டு பூவையும் அம்மன் காலடியில் வைத்துவிட்டு, "நான் லண்டன் படிப்புக்கே போறேம்ப்பா" என்றாள்.

இப்போது லண்டனில்தான் இருக்கிறாள். போனில் "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டேன்" என்கிறாள். நிஜமா என்று துருவிக் கேட்க எனக்கு வாய் வருவதில்லை.