புள்ளிக்கோழிக்குப் போர்த்திய பொன்னாடை

ஒரு சேவலுக்குப் பத்துக் கோழிகள் இருக்க வேண்டும் என்பது கோழி வளர்ப்பில் விதி. எங்கள் கொல்லையில் சேவல் ஒன்று, கோழிகள் நான்கு. அதாவது ஆறு பணியிடங்கள் காலி. பத்துப் பேர் வேலையை நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் இது சாதாரணம். கோழிகளுக்குப் பழக்கமில்லை.

சேவலை நியமித்தவன் நான். முட்டைக்குச் சேவல் தேவையில்லை என்று மனைவி அப்போதே சொன்னாள். நான்கு பேர் இருக்குமிடத்தில் மேற்பார்வைக்கு ஆள் இல்லாமல் எப்படி என்று கேட்டு, கூடையில் போட்டுக் கொண்டுவந்தேன். பதவியேற்றதிலிருந்து அது நான்கில் புள்ளிக்கோழியை மட்டும் விரட்டி விரட்டி மிதித்தது. ஒரே மாதத்தில் அந்தக் கோழியின் முதுகு என் வழுக்கைத் தலையைப் போல ஆகிவிட்டது. மற்ற மூன்றும் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தன.

ஒரு காலை, நான் படித்துக்கொண்டிருந்த நாளிதழ் மேலேயே மனைவி அந்தக் கோழியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இத பாருங்க. ஜூலைல மாப்பிள்ள வர்றாரு. அதுக்குள்ள இதுக்கு எறகு மொளைக்கலன்னா, ஒங்க ஆபீசரு கொழம்புக்குப் போறாரு."

மாப்பிள்ளை பாரிஸில் இருக்கிறார். வக்கான்ஸ் விடுமுறைக்கு வருடம் ஒருமுறை மகளோடு வருவார். நாட்டுச்சேவல் குழம்பை மீதி பதினோரு மாதமும் நினைத்துக்கொண்டிருப்பவர். எனவே இது வெறும் மிரட்டல் அல்ல. சேவல் சட்டிக்குப் போனால், அதை நியமித்தவனின் மதிப்பும் சேர்ந்துதான் கொதிக்கும்.

அன்றே மனு எழுதினேன். வீட்டில் வளர்க்கக் கோழி தருகிற அலுவலகம் ஒன்று உண்டு. எது என்று சொல்ல மாட்டேன். நானும் அந்த வம்சம்தான். பற்றாக்குறையை விளக்கி, ஆறு பெட்டைகள் கேட்டேன். இணைப்பு: முதுகின் புகைப்படம், இரண்டு பிரதிகள். நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினேன்.

பதில் வரும்வரை சேவலைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து பஞ்சாரத்துக்குள் அடைத்தேன். பிழைப்பூதியமாகப் பாதித் தீனி. பொறுப்பு யாருக்கு என்று ஆணையிட மறந்துவிட்டேன். மறுநாள் மூத்த கோழி தானாகவே பொறுப்பேற்றது. கழுத்தை நீட்டி, கதவுக் கீல் போன்ற குரலில் கூவிப் பார்த்தது. பிறகு நேராகப் போய்ப் புள்ளிக்கோழியின் மொட்டை முதுகில் கொத்தியது. சேவலுக்காவது ஒரு நோக்கம் இருந்தது. மூன்றாம் நாள் அதை மீண்டும் பணியில் சேர்த்தேன்.

"ஒங்க சட்டமெல்லாம் போதும்" என்று சொல்லி மனைவி பீரோவைத் திறந்தாள். ஓய்வு பெற்ற அன்று எனக்குப் போர்த்திய ஏழு பொன்னாடைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. பொன்னாடையை உடுத்தவும் முடியாது, அதில் கை துடைக்கவும் முடியாது, வாங்கியவர்களுக்குத் தெரியும். ஒன்றை வெட்டி, இறக்கைகளை நுழைக்க இரண்டு எலாஸ்டிக் வைத்துத் தைத்து, புள்ளிக்கோழிக்கு மாட்டிவிட்டாள்.

சேவல் ஓடி வந்தது. ஜரிகையைப் பார்த்து நின்றது. தலையைச் சாய்த்து ஒரு சுற்று சுற்றிவந்தது. ஏறியது, வழுக்கி விழுந்தது. மறுபடி ஏறி, மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை, அதற்காக வரவேயில்லை என்பதுபோல் மண்ணைக் கிளறத் தொடங்கியது. புள்ளிக்கோழி சிறப்பு விருந்தினர் மாதிரி நடுவில் நடந்துபோய் முதலில் தின்றது.

அடுத்து சேவல் மற்ற கோழிகள் பக்கம் திரும்பியது. ஒரு வாரத்தில் இன்னும் மூன்று பொன்னாடைகள் போயின. கொல்லையில் தினமும் பாராட்டு விழா. போர்த்தப்படாமல் நின்றது சேவல் மட்டும்தான்.

மாப்பிள்ளை வருகிற அன்று காலை மனைவி ஆய்வு நடத்தினாள். புள்ளிக்கோழியை மடியில் வைத்து, சட்டையைத் தூக்கி, விரலால் தடவினாள். முதுகு முழுக்கப் புது இறகு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கோழியை இறக்கிவிட்டாள். பிறகு பையை எடுத்து நீட்டினாள்.

"தேங்காய்த்திட்டு ஹார்பருக்குப் போயி வஞ்சிரம் வாங்கிட்டு வாங்க. தலையையும் கேட்டு வாங்குங்க."

பையோடு கொல்லை வழியாக வெளியேறும்போது சேவல் என் கணுக்காலைக் குறிவைத்து ஓடிவந்தது. நான் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்த பலரும் என்னிடம் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

மாப்பிள்ளை மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, விடுமுறை முழுக்கக் கோழிகளைப் படம் எடுத்தார். அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு என் மனுவுக்குப் பதில் வந்தது. கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டதாம். ஆகஸ்ட் பதினாறாம் தேதிக்குள் ஆறு குஞ்சுகளை நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாமாம். இந்த வயதில் சேவல் எது, பெட்டை எது என்று சொல்ல இயலாதாம். அதற்கு அலுவலகம் பொறுப்பல்லவாம். எங்கள் ஊரில் ஆகஸ்ட் பதினைந்தும் பதினாறும் அரசு விடுமுறை. கடிதம் கைக்கு வந்தது பதினேழாம் தேதி.