படிக்கட்டுக் கடை

பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தது. பள்ளி சொன்ன ஒரே கடையில்தான் சீருடை வாங்க வேண்டும். அங்கே எல்லாம் யானை விலை. "அதே துணிதான். ஸ்கூல் பேரை ஒட்டினா மட்டும் தங்கமாயிடுமா?" என்று கொதித்தாள் அந்தக் குடியிருப்பின் தையல்கார அக்கா. கொதித்ததோடு நிற்காமல், பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சீருடைகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, கிழிசலைத் தைத்து, படிக்கட்டுக் கைப்பிடியில் வரிசையாகத் தொங்கவிட்டாள். ஒன்று கொடுத்தால் ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

அவள் மகளுக்குப் பொருந்தும் பாவாடை மட்டும் அதில் இல்லை. அது மூன்றாம் மாடி குமாஸ்தா வீட்டில்தான், அவர்களின் மூத்த பெண்ணுக்குச் சிறுத்துப்போய்க் கிடந்தது. அந்த வீட்டு அம்மாவோ, "பழசைப் போட நாங்க என்ன வக்கத்தவங்களா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"புதுசு வாங்கினாலும் ஒரே வாரத்துல பழசாக்கத்தான் உங்க பையன் இருக்கானே அண்ணி!" என்றாள் அக்கா.

படிக்கட்டே சிரித்தது. அண்ணி கதவைச் சாத்திக்கொண்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகளின் பாவாடை போச்சு.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், அந்தப் பாவாடையோடு அண்ணியே இறங்கி வந்தார். பின்னால் பையன், புத்தம்புதுக் கால்சட்டையின் பின்புறத்தை இரு கைகளாலும் பொத்தியபடி வந்தான். போட்டுப் பார்த்த கையோடு மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கிக் கிழித்திருக்கிறான்.

"ஒரு வாரம்னு சொன்னியே, ஒரு மணி நேரம்கூடத் தாங்கலை," என்றார் அண்ணி. "இவன் அளவுக்கு இருக்கா?"

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரட்டைத் தையல் போட்ட கால்சட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இது தாங்கும் அண்ணி. போன வருஷம் போட்டவனும் இதே ரகம்தான்."