பொட்டு வைத்த மண்டையோடு

எங்கள் அடுக்ககத்து டிரான்ஸ்பார்மரில் இன்று புதிதாக அபாயப் பலகை மாட்டினார்கள். அந்தச் சிவப்புப் பெயின்ட் வாசனையில் எனக்கு மீன் வாசனை அடித்தது.

எண்பதுகளில் இதே முடிச்சூர் சாலையில், வயல் முடிகிற திருப்பத்தில், ஓயாமல் ரீங்கரித்த ஒரு டிரான்ஸ்பார்மரின் வேலியோரம், கோவளம் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வரும் செங்கேணி அக்கா மீன் விற்பார். அதன் அபாயப் பலகையிலிருந்த மண்டையோட்டுக்குப் பயந்து வேறு யாரும் அங்கே கடை போடவில்லை, நிழல் முழுக்க அவருக்கே. அந்த நன்றிக்கு வெள்ளிதோறும் அந்த மண்டையோட்டின் நெற்றியில் குங்குமம் வைப்பார். அவர் சங்கரா மீனைத் தேய்க்கத் தேய்க்கச் செதில்கள் பறந்து அதன் பற்களில் ஒட்டி வெயிலில் மினுங்கும். பையோடு நிற்கிற என்னைப் பார்த்துத்தான் அது சிரிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஒருநாள் புதுப் பலகையோடு வந்த லைன்மேன், "அபாயம்னு எழுதிகீது, தெரியல? கூடைய எடு" என்றார்.

"எங்க சார் போறது? எங்க குந்தினாலும் கடைக்காரங்க தொரத்துறாங்க. இவன் ஒர்த்தன்தான் தொரத்தாம பல்ல காட்டிகினு கீறான்."

அவர் பழையதைக் கழற்றிப் புதியதை முடுக்கினார். அதன் வெறும் நெற்றியைச் சற்று நேரம் பார்த்தார்.

"கூடைய கொஞ்சம் தள்ளி வச்சிக்க. குங்குமம் எங்க?" என்று கையை நீட்டினார்.

இன்று வந்த மண்டையோட்டுக்கும் நெற்றி இருக்கிறது, பல் இருக்கிறது. அது காவல் காக்கத்தான் கீழே யாருமில்லை.