வாய்க்குக் காவல்

அந்த வீட்டில் சண்டை தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, கண்ணை மூடிக்கொண்டு நடக்கும்.

குடும்ப ஜெபம் என்று அதற்குப் பெயர். முன்னறையில் மூன்று பேர் உட்காருவார்கள். ஒரு பக்கம் தையல்காரி. எதிரே அவள் நாத்தனார், ஒன்றாம் வகுப்பு டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கும் தொண்டை என்பதால் தெருவில் அவளுக்கு 'மைக் டீச்சர்' என்று பெயர். நடுவில் பஸ் டிரைவர். ஒருத்திக்குத் தம்பி, இன்னொருத்திக்குப் புருஷன்.

"ஆண்டவரே, வீட்டுல பெரியவங்க இருக்காங்கங்கிற நினைப்பே இல்லாம கதவை டமால்னு சாத்துறவங்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று டீச்சர் ஆரம்பிப்பாள்.

"அடுத்தவங்க சட்டியைத் திறந்து திறந்து பாக்குறவங்களை மன்னியும் ஆண்டவரே" என்று தையல்காரி முடிப்பாள்.

டிரைவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து இருவரையும் பார்த்துவிட்டு, சிவப்பு விளக்கு விழுவதற்குள் வண்டியைக் கடத்துகிற அவசரத்தில் "ஆமென்" என்பார்.

மற்ற நேரத்தில் தையல்காரி பதிலே பேசமாட்டாள். சமையலறையிலிருந்து நாத்தனாரின் குரல் கிளம்பியதும் மிஷினை வேகமாக மிதிப்பாள். அந்தக் கடகடப்பில் எல்லாம் அமுங்கிப்போகும்.

ஆனால் காலையில், யாரும் எழுந்திருக்குமுன், தனியாக அவள் ஒரு ஜெபம் வைத்திருந்தாள். துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபிக்கும்படி வேதத்தில் இருக்கிறதே, தட்ட முடியுமா? சங்கீதத்தில் ஒரு பக்தன் தன் வாய்க்குக் காவல் வைக்கும்படி கேட்டிருந்தது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு திருத்தம் செய்துகொண்டாள். காவல் தன் வாய்க்கு வேண்டாம், நாத்தனாருடைய வாய்க்கு வேண்டும். 'அந்த வாயை மூடும் ஆண்டவரே.' இரண்டு வருடமாக ஒரு நாள் தவறவில்லை.

அப்போதுதான் டீச்சரின் கழுத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி வந்தது.

"எடுத்தே ஆகணும்" என்றார் டாக்டர். "குரலுக்குப் போற நரம்பு அதை ஒட்டியே ஓடுது. ஜாக்கிரதையாத்தான் செய்வோம். ஆனா குரல் பழையபடி இருக்கும்னு இப்பவே சொல்ல முடியாது."

"அப்ப பள்ளிக்கூடம்?" என்று டீச்சர் கேட்டாள். டாக்டர் பேனாவை மூடினார்.

அன்று தையல்காரி ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவைத்தாள். பதினைந்து வருடத்தில் அப்படி ஒரு தப்பு நடந்ததில்லை. நாத்தனார் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனதற்கு, திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஆபரேஷன் காலை ஒன்பது மணிக்கு. எட்டே முக்காலுக்கு டிரைவர் படிவத்தில் கையெழுத்துப் போடக் கீழே போனார். கட்டிலில் பச்சை அங்கி, தலைமுடியை மறைத்த தொப்பி. அதற்குள் டீச்சர் பாதியாகிவிட்டதுபோல் தெரிந்தாள்.

"என்னடி, உன் மூஞ்சி இஸ்திரி போடாத துணி மாதிரி இருக்கு?"

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எதை உடைச்சே?"

"நான்தான் கேட்டேன். உங்க வாயை மூடச் சொல்லி. தினமும் காலையில. ரெண்டு வருஷமா."

பக்கத்துக் கட்டிலில் யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள். இரண்டு பேரும் திரும்பவில்லை.

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு தடவை."

டீச்சர் தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளினாள். "உன் மிஷின் ரிப்பேராகணும்னு நான் மூணு வருஷமா கேக்குறேன். எங்க ஆச்சு? பேய் மாதிரி ஓடிக்கிட்டுத்தான இருக்கு. நாம கேக்குறதையெல்லாம் அப்படியே கொடுத்துட்டா, அவரு ஆண்டவரா, கடைக்காரரா?"

சொல்லிவிட்டாளே தவிர, அவள் விரல்கள் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தன.

"பயமா இருக்குடி. நாப்பது பிள்ளைங்க. சத்தமில்லாம அங்க போய் என்ன செய்வேன்? எனக்காகக் கேளு. இந்தத் தடவையாவது ஒழுங்கா கேளு."

வெளியே, ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் கேட்டது. தையல்காரி கண்ணை மூடினாள். இவளைப் பற்றி ஆண்டவரிடம் மணிக்கணக்காகப் பேச அவளுக்குத் தெரியும். இவளுக்காக என்ன கேட்பது? இவளுக்கு என்ன பிடிக்கும் என்றுகூடத் தெரியாது.

இல்லை, ஒன்று தெரியும். மறுநாள் வகுப்புக்கான கதையை டீச்சர் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிப் பார்ப்பாள். கரடிக்கு அடித்தொண்டை, எலிக்குக் கீச்சுக்குரல்.

"ஆண்டவரே" என்றாள். "இவங்களோட கரடிக்குரலைத் திருப்பிக் கொடுத்துடுங்க. எலிக்குரலையும். அந்தப் பிள்ளைங்களுக்கு அது வேணும். என்னைத் திட்டவும் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்."

டீச்சர் கண்ணைத் திறந்தாள். "அது உனக்கு எப்படிக் கேட்டுச்சு? மிஷின் ஓடுமே?"

"கதை நேரத்துல மெதுவா மிதிப்பேன்."

தள்ளுவண்டி வந்துவிட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு நாள் டீச்சரிடமிருந்து சத்தமே இல்லை. மூன்றாம் நாள் வாயைத் திறந்தால் வெறும் காற்று வந்தது. ஒரு பக்க நரம்பு அசதியாக இருக்கிறது, மாதக்கணக்கில் ஆகலாம், அதற்குமேல் தன்னாலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் விடுப்பு கொடுத்தார்கள்.

காலை ஜெபத்தில் தையல்காரி இப்போது காவலைத் தன் வாய்க்கே கேட்கிறாள். நாத்தனாருக்குக் கரடியையும் எலியையும் கேட்கிறாள்.

ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம், ஓடுகிற மிஷினுக்குப் பின்னால் ஏதோ உரசினதுபோல் இருந்தது. அவள் காலை எடுத்தாள். மிஷின் நின்றது.

"என்னக்கா?"

டீச்சர் துணியைத் தொட்டுக் காட்டினாள். "கழுத்து கோணலா இருக்கு."

நூலைவிட மெல்லிய குரல். தையல்காரி துணியைத் திருப்பிப் பார்த்தாள். கோணல்தான். பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

டீச்சர் முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எலி வந்துடுச்சு. கரடிதான் இன்னும் வரலை."

"அப்ப எலியை மட்டும் சொல்லுங்க" என்றாள் தையல்காரி, மிஷினிலிருந்து நன்றாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டு.