நாலு நாற்பது வண்டி

அன்று பஸ் கம்பெனி ஆபீஸ் அறையில் இருந்தவர்கள்:

மேனேஜர், நாற்காலியில். டைம் கீப்பர் ராகவலு, அவர் பக்கத்தில் ஸ்டூலில். டிரைவர் காதர் பாய், கதவில் சாய்ந்துகொண்டு. கூரத்தில் பயிர் வைக்கும் ஏகாம்பரம், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. அவர் மகள் மல்லிகா. அப்புறம் கண்டக்டர் — அதாவது நான்.

ஆறு பேர். பேச வேண்டிய விஷயம் ஒன்றுதான். பத்து நிமிடம்.

மல்லிகா பி.யு.சி. பாஸ். நல்ல மார்க். காஞ்சிபுரத்திலேயே பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சீட் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். சேர்ந்தால் வாரத்தில் மூன்று நாள் லேப். லேப் விடுவது நாலரைக்கு. அங்கிருந்து எவ்வளவு வேகமாக நடந்தாலும் பஸ் ஸ்டாண்டுக்கு வர நாலு ஐம்பது ஆகும். கூரம் போகிற எங்கள் வண்டி புறப்படுவது நாலு நாற்பதுக்கு. அதை விட்டால் ஏழரை. இறங்கிய இடத்திலிருந்து அவர்கள் வீட்டுக்கு வரப்பு மேல் ஒரு மைல் நடக்க வேண்டும். விளக்கு கிடையாது.

ஏகாம்பரம் கெட்டவர் இல்லை. பயந்தவர். வயசுப் பெண்ணை அந்த இருட்டில் நடக்க விட மாட்டேன் என்றார். ஹிஸ்டரியில் சேரட்டும் என்றார். ஹிஸ்டரி படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டேன்.

"மூணரைக்கே உட்டுடறாங்களாம்பா" என்றார்.

இதுதான் பதில். இதற்கு மேல் என்ன கேட்பது?

இந்தப் பெண்ணுக்கு ஏன் கெமிஸ்ட்ரி? அதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டி புறப்பட்ட நேரம், வசூல் எல்லாம் பதிகிற டிரிப் ஷீட்டை நான் எழுதுவது காப்பியிங் பென்சிலில். எச்சில் பட்டால் ஊதாவாக எழுதும். அழியாது. பதினாலு வருஷமாக நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதி என் நாக்கே ஊதா. என் மகன் சின்னவனாக இருந்தபோது, நான் தனியாக நாவல்பழம் தின்றுவிட்டு வருகிறேன் என்று அழுவான்.

போன வருஷம் ஒரு நாள் முன் சீட்டிலிருந்து மல்லிகா சொன்னாள். "அண்ணே, அத்த நாக்குல வெக்காதீங்க. அது சாயம். வயித்துக்குள்ள போவுது."

நீ என்ன டாக்டரா என்று கேட்டேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே கேட்டேன். மறுநாள் லெக்சரரிடம் கேட்டு அந்தச் சாயத்தின் பேரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு சின்ன டப்பா. உள்ளே ஈர ஸ்பாஞ்ச். "இதுல தொட்டு எழுதுங்க."

அன்றிலிருந்து ஸ்பாஞ்சுதான். பதினாலு வருஷத்தில் வேறு யாரும் சொல்லவில்லை. மேனேஜர் சொல்லவில்லை. பென்சில் வாங்கித் தருகிறவர் அவர்தான்.

ஒரு சொட்டு விட்டால் கண்ணாடிக் குழாயில் நிறம் மாறுகிறதாம். ஏன் மாறுகிறது என்று மல்லிகாவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். பெரிய ஆஸ்பத்திரி லேபில் வெள்ளைக் கோட்டு போட்டு வேலை பார்க்க வேண்டுமாம். டிக்கெட் கிழிக்கும்போது இதையெல்லாம் சொல்லுவாள். சீட் கிடைத்த அன்று நான்தான் சொன்னேன் — வண்டி விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே என்று.

தப்பு செய்தேன். பதினாலு வருஷ சர்வீஸுக்கு ஒரு மதிப்பு இருக்கும் என்று நினைத்தேன்.

மேனேஜரிடம் சுருக்கமாகச் சொன்னேன். வண்டியைப் பத்து நிமிடம் தள்ளி எடுக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் போதும். கடைத்தெருவுக்கு வருகிறவர்களுக்கும் அது தோதுதான். காதர் பாயும் ஆமாம் என்றார். அந்தப் பத்து நிமிடத்தை வழியில் பிடித்துவிடலாம் என்றார்.

மேனேஜர் பர்மிட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். நாலு நாற்பது என்று போட்டிருக்கிறது, ஒரு நிமிடம் தவறினாலும் ஆர்.டி.ஓ.வுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். ராகவலு தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார்.

பிறகு மேனேஜர் மல்லிகாவைப் பார்த்துச் சொன்னார்: "வண்டிக்குத் தோதா படிப்பைப் பாத்துக்கணும்மா. படிப்புக்குத் தோதா வண்டி வுடுவாங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். ராகவலுவும் சிரித்தார். ஏகாம்பரம்கூடக் கொஞ்சம் சிரித்தார், மரியாதைக்கு. மல்லிகா பர்மிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வெளியே வந்துவிட்டேன்.

போன வாரம் ஒரு வாசகர் இந்தப் பத்திரிகையின் வாசகர் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார்; அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். படித்தவர். இந்தக் காலத்துக் காலேஜ் பிள்ளைகளுக்கு லட்சியம் இல்லையாம். ஆர்வம் எது, திறமை எது என்று யோசிக்காமல் கண்ட படிப்பில் சேர்ந்து, பிறகு வேலை வேலை என்று அலைகிறார்களாம்.

ஐயா, நான் ஆறாவது வரைதான் படித்தவன். ஆனால் உங்கள் காலேஜ் பிள்ளைகளைத் தினம் இரண்டு வேளை ஏற்றி இறக்குகிறேன். என்ன படிக்கிறாய் என்று கேட்பேன். ஏன் அதைப் படிக்கிறாய் என்றும் கேட்பேன். வாலாஜாபாத் ரூட்டில் இருந்தபோது ஒரு பையன் — காமர்ஸ். அண்ணன் படித்த புஸ்தகம் வீட்டில் இருக்கிறதாம், புதிதாக வாங்க வேண்டாமாம். ஓரிக்கைப் பையன் ஒருவன் எகனாமிக்ஸில் சேர்ந்தான். அப்ளிகேஷன் வாங்கக் கூட வந்த சிநேகிதன் அதைத்தான் எழுதினானாம். தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் மத்தியானம் வகுப்பில்லாத படிப்பு எது என்று விசாரித்துச் சேர்ந்தான். மத்தியானம் தறியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் நாடாவைத் தள்ள ஆள் வேண்டும்.

ஆர்வமாம், திறமையாம்! அந்தப் பேருள்ள ஸ்டாப்பிலிருந்து ஒருத்தரும் என் வண்டியில் ஏறியதில்லை.

அந்தப் பிள்ளைகளைத் திட்டாதீர்கள். ஏன் அந்தப் படிப்பு என்று அவர்களுக்குத் தெரிகிறது. நமக்குத்தான் தெரியவில்லை... இல்லை, நமக்கும் தெரியும். பர்மிட்டைக் காட்டிவிட்டுச் சிரிக்கிறோம்.

சரி. அந்தத் திங்கட்கிழமைக் கதைக்கு வருகிறேன்.

அன்று மத்தியானம் மல்லிகா ஹிஸ்டரியில் சேர்ந்தாள். கெமிஸ்ட்ரி சீட் லிஸ்டில் அடுத்து இருந்தவனுக்குப் போய்விட்டது. நாலு மணிக்கே அப்பாவும் மகளும் வண்டியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் டிக்கெட் கொடுத்தேன். சில்லறையை எண்ணிக்கொண்டே நகர்ந்துவிட்டேன். பேச எனக்கு என்ன யோக்கியதை?

நாலு நாற்பது. காதர் பாய் ஸ்டார்ட் செய்தார். நான் விசிலை வாயில் வைத்தேன்.

மேனேஜர் ஓடி வந்தார். ஆமாம், ஓடித்தான் வந்தார். "நிறுத்துபா. மொதலாளி மச்சினர் வீட்ல மேட்னி போயிருக்காங்க. படம் உட்டு வந்துக்கினு இருக்காங்க. இந்த வண்டியிலதான் போவணும்."

காதர் பாய் எஞ்சினை அணைத்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மெதுவாகக் கேட்டார். "ஆர்.டி.ஓ. இன்னிக்கு லீவா சாப்?"

மேனேஜர் தியேட்டர் பக்கம் எட்டிப் பார்த்தார்.

வண்டியில் ஜனம் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூடைக்காரி ஒருத்தி படத்தில் யார் நடிக்கிறார்கள் என்று உரக்கக் கேட்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லிகாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நாலு அம்பது ஆச்சு" என்றாள். "லேப்லேருந்து நான் இப்ப வந்து ஏறியிருப்பேன்."

ஏகாம்பரம் மகளைப் பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். கக்கத்தில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

மச்சினர் வீட்டார் முறுக்குப் பொட்டலத்தோடு மெதுவாக வந்து ஏறினார்கள். லேட் ஆகிவிட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. முன் சீட்டில் இருந்தவர்களை ராகவலு எழுப்பி இடம் செய்து கொடுத்தார். மல்லிகாவும் எழுந்தாள். ஊர் வரை நின்றுகொண்டே வந்தாள்.

கிளம்பும்போது மணி நாலு ஐம்பத்தெட்டு. ராகவலு என்னிடம் வந்தார். டிரிப் ஷீட்டில் புறப்பாடு நாலு நாற்பது என்றே போட்டுவிடச் சொன்னார். தாமதம் எத்தனை நிமிடம் என்று ஒரு கட்டம் உண்டு, அதில் சைபர் போடச் சொன்னார்.

டப்பாவைத் திறந்தேன். ஸ்பாஞ்சில் பென்சிலைத் தொட்டேன். விளக்கம் கேட்டு மெமோ வரும். வரட்டும். அந்தக் கட்டத்தில் ஊதாவில் எழுதினேன்.

பதினெட்டு.